குழந்தைகளுக்கான கார்ட்டூன்கள் முன்பைவிட மட்டரகமாகிவிட்டனவா?

"நாங்கள் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் எவ்வளவு நாகரிகமாக இருந்தது, இப்போது வருவதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கவே கூசுகிறது" என்று பெற்றோர் பலர் வருத்தப்படுவதுண்டு. இந்த வருத்தத்தை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில் அதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் வரலாறு இடம்தரவில்லை. பழைய கார்ட்டூன்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், இன்று எந்தக் குழந்தைகள் சேனலும் ஒளிபரப்பத் துணியாத காட்சிகள் அவற்றில் ஏராளமாக இருப்பது தெரியும். புதியவற்றைப் பொறுமையாகப் பார்த்தாலோ, அன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வேறு சில சங்கதிகள் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டிருப்பது தெரியும்.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால், நாம் ஒரே மூச்சில் குறை சொல்லும் விஷயங்களை முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடிதடியும் வன்முறையும் ஒன்று. ஏப்பம், குசு, மூக்குச்சளி, மலம் என்று உடலின் கழிவுகளை வைத்துச் செய்யும் அருவருப்பு நகைச்சுவை மற்றொன்று. பாலியல் சாடைகள், வசைச்சொற்களும் பெரியவர்களை எடுத்தெறிந்து பேசும் துடுக்கும், ஓர் இனத்தையோ உடற்குறையையோ ஏழ்மையையோ காட்டிச் சிரிக்கவைக்கும் இழிவு என்பவை அடுத்தடுத்து வருபவை. இவை அனைத்தும் ஒன்றாக ஏறுவதும் இல்லை, ஒன்றாக இறங்குவதும் இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றும் தன்தன் வழியில் போயிருக்கிறது. சில குறைந்திருக்கின்றன, சில கூடியிருக்கின்றன, ஒன்று வேடம் மாறியிருக்கிறது.

தொடக்கத்தில் அவை குழந்தைகளுக்கானவையே அல்ல

கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கு என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் 1920-களிலும் 1930-களிலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட குறும்படங்கள், திரையரங்கில் முழுநீளப் படம் தொடங்குவதற்கு முன்பு எல்லா வயதினருக்கும் காட்டப்பட்டவை. வேலை முடிந்து வந்து இருட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைச் சிரிக்கவைப்பதே அவற்றின் முதல் வேலையாக இருந்தது.

1928 நவம்பரில் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி'யை எடுத்துக்கொள்வோம். மிக்கி மவுஸை உலகுக்கு அறிமுகப்படுத்திய படம் என்று போற்றப்படுவது. எட்டு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடுவது. அதில் நீராவிப் படகின் தலைவன் புகையிலையை மென்று துப்புகிறான். அந்த எச்சில் காற்றில் திரும்பி வந்து மணியில் மோதி ஓசை எழுப்ப, அவன் ரசித்து மறுபடி துப்ப, இந்த முறை அது அவன் முகத்திலேயே விழுகிறது. ஓர் ஆடு இசைக்குறிப்புத் தாளைத் தின்றுவிட, அதன் வாலைக் கைப்பிடிபோலச் சுழற்றினால் வாயிலிருந்து பாட்டு வருகிறது. அந்தப் பாட்டுக்குத் தாளம் சேர்க்க, மிக்கி ஒரு பூனையின் வாலை இழுத்து அலறவிட்டு, பிறகு வாலைப் பிடித்தே சுழற்றுகிறது. ஒரு வாத்தை அக்குளில் இடுக்கி ஊதுகுழலாக்குகிறது. தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும் பன்றிக்குட்டிகளின் வால்களை ஒவ்வொன்றாக இழுக்கிறது. கடைசியில் தாய்ப்பன்றியையே தூக்கி, அதன் முலைக்காம்புகளைப் பொத்தான்களாக அழுத்தி வாசிக்கிறது. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் வந்த சில பதிப்புகளில் இந்த விலங்குக் கொடுமைக் காட்சிகளில் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அதாவது, உலகின் மிகப் புகழ்பெற்ற குழந்தைக் கதாபாத்திரத்தின் அறிமுகப் படமே பிற்காலக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று கருதப்பட்டுக் கத்தரிக்கப்பட்டது.

பாலியல் சாடை விஷயத்திலும் நிலைமை அதுவே. 1930-ல் ஃபிளைஷர் நிறுவனம் உருவாக்கிய பெட்டி பூப், குட்டைப் பாவாடையும் தொடைப்பட்டையுமாக ஆடிப்பாடிய பெண் பாத்திரம். அவளைத் துரத்தும் ஆண்களே பல படங்களின் கதை. ஹாலிவுட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஹேஸ் ஒழுக்க விதிகள் 1934-ல் கறாராக அமலுக்கு வந்தபோது, பெட்டியின் பாவாடை நீண்டது, தொடைப்பட்டை மறைந்தது, அவள் அடக்கமான குடும்பப் பெண்ணாக மாற்றப்பட்டாள். விதிகள் வந்த பிறகும் சாடை ஒழிந்துவிடவில்லை. 1943-ல் டெக்ஸ் ஏவரி இயக்கிய குறும்படம் ஒன்றில் மேடையில் ஆடும் பெண்ணைப் பார்த்து ஓநாயின் கண்கள் பிதுங்கும் காட்சி இன்றும் பேசப்படுவது. 1945-ல் அறிமுகமான பெப்பே லெ பியூ என்ற ஸ்கங்க் (நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சும் விலங்கு) பாத்திரம், திமிறி ஓடும் பெண் பூனையைப் பிடித்துப் பிடித்து முத்தமிடுவதையே நகைச்சுவையாகக் கொண்டிருந்தது. 2021-ல் வார்னர் பிரதர்ஸின் பழைய கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து எடுக்கப்பட்ட புதிய திரைப்படத்தில் அதற்கு இடம் தரப்படவில்லை. ஜப்பானிலும் இதற்கு இணை உண்டு. உலகெங்கும் குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் 'டோரேமான்' தொடரில், ஷிசுகா குளித்துக்கொண்டிருக்கும்போது நோபிதா தவறிப்போய் அங்கே நிற்பது பலமுறை வந்த நகைச்சுவை.

இனத்தை இழிவுபடுத்தும் கேலி இவை எல்லாவற்றையும்விட மோசமானது. குண்டு வெடித்ததும் ஒரு பாத்திரத்தின் முகம் கரியாகி, உதடு தடித்து, கறுப்பினத்தவரின் கேலிச்சித்திரமாக மாறுவது 1940-களின் கார்ட்டூன்களில் சாதாரணமான நகைச்சுவை. 1968-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், தன் கைவசமிருந்த வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் 11 படங்களை, இன இழிவு அவற்றின் கதையோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது என்பதால், தொலைக்காட்சி விநியோகத்திலிருந்தே விலக்கிவைத்தது. வெட்டித் திருத்தித் தப்பவைக்க முடியாத அளவுக்கு அவை கெட்டிருந்தன. பழைய கார்ட்டூன்களின் நாகரிகத்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பதினொன்றை மறந்துவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடிதடியை எண்ணுவது எப்படி

வன்முறைக்கு வருவோம். வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பெராவும் 1940-ல் தொடங்கிய டாம், ஜெர்ரி குறும்படங்கள் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றவை. அவற்றின் இயங்குமுறை முழுவதுமே அடிதான்: இஸ்திரிப்பெட்டி முகத்தில் விழும், பற்கள் சில்லுசில்லாக உதிரும், வால் மின்சாரத்தில் செருகப்படும், கோடரி வீசப்படும். அடுத்த காட்சியில் டாம் எதுவும் நடக்காததுபோல எழுந்து வரும். இதைப் பார்த்து மூன்று தலைமுறைகள் சிரித்து வளர்ந்திருக்கின்றன. ஆனால் இன்று பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளுக்கென்றே எடுக்கப்படும் தொடர் எதிலும் கோடரியால் வாலை வெட்டும் காட்சியைக் காண்பது அரிது.

இந்த அடிதடியை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர் 1967-லிருந்து பல ஆண்டுகள் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை மாதிரி எடுத்து, அவற்றில் வரும் வன்செயல்களைக் கணக்கிட்டார். இரவு நேர நிகழ்ச்சிகளில் மணிக்கு ஐந்தாறு வன்செயல்கள் இருந்தபோது, குழந்தைகளுக்கான வாரக்கடைசிக் காலை நிகழ்ச்சிகளில் 20-க்கும் மேல் இருந்ததாக அவருடைய ஆய்வுகள் காட்டின. இந்த எண்ணைக் கேட்டதும் பதறுவது இயல்பு. ஆனால் அவர் வகுத்துக்கொண்ட இலக்கணப்படி, துப்பாக்கியால் ஒருவன் மற்றவனைச் சுடுவதும் வாத்தின் தலையில் சட்டி விழுவதும் கணக்கில் ஏறும். சிரிப்புக்காக வரும் அடியையும் வலிக்காக வரும் அடியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று அப்போதே எதிர்ப்பும் எழுந்தது. எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யும் இடத்திலேயே பாதி விடை எழுதப்பட்டுவிடுகிறது என்பதைப் புதிதாக இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக, சிரிப்பு அடி என்பதால் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1963-ல் வெளியிட்ட ஆய்வில், ஊதிய பொம்மை ஒன்றைப் பெரியவர் அடிப்பதை நேரில் பார்த்த குழந்தைகளும், படத்தில் பார்த்த குழந்தைகளும், பூனை வேடமிட்டவர் அடிப்பதைக் கார்ட்டூன் பாணியில் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளும், எதையும் பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக அந்தப் பொம்மையை அடித்தார்கள். கற்பனைப் பாத்திரம் என்பது முழுக் கவசம் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அடிபட்டது பொம்மைதான், மற்றொரு குழந்தை அன்று. பார்த்த சில நிமிடங்களில் நடந்ததைக் கொண்டு வாழ்நாள் குணத்தை முடிவு கட்டிவிடவும் முடியாது.

முழுநீளத் திரைப்படங்களைப் பற்றி ஒரு சுவையான ஆய்வு 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 1937-ன் 'ஸ்னோ வொயிட்' தொடங்கி 2013-ன் 'ஃப்ரோஸன்' வரை அதிக வசூல் பெற்ற 45 கார்ட்டூன் படங்களை, அதே காலத்தில் பெரியவர்களுக்காக வந்த படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், முக்கியப் பாத்திரங்கள் சாவது குழந்தைப் படங்களில்தான் அதிகம் என்று கண்டார்கள். நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் மற்றொரு முடிவும் அதில் இருந்தது: அந்த எழுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இந்த அபாயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாவைப் பொறுத்தவரை பாட்டி பார்த்த படமும் பேத்தி பார்க்கும் படமும் ஒன்றே.

வாசலில் நின்ற காவலர்கள்

தொலைக்காட்சி வந்ததும் கார்ட்டூன் திரையரங்கிலிருந்து வீட்டுக்கு இடம் பெயர்ந்தது. அதன் பார்வையாளர்கள் குழந்தைகளானார்கள். ஆனால் அதற்கேற்ற மாற்றம் உடனே வந்துவிடவில்லை. 1960-ல் தொடங்கிய 'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' தொடருக்கு ஒரு சிகரெட் நிறுவனம் விளம்பரதாரர். தொடரின் நாயகர்களே சிகரெட் பற்றவைத்துப் புகழும் விளம்பரங்கள் ஒளிபரப்பாயின. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: 2006-ல் பிரிட்டனில் ஒரே ஒரு பார்வையாளர், பழைய டாம், ஜெர்ரி படங்கள் இரண்டில் புகைபிடிக்கும் காட்சி வருகிறது என்று ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமிடம் புகார் செய்ய, உரிமையாளரான நிறுவனம் தன் பழைய கார்ட்டூன்களையெல்லாம் மறுபார்வையிட்டு, புகைபிடிப்பதை மெச்சுவதாகத் தோன்றும் காட்சிகளை நீக்க முன்வந்தது.

திருப்பம் 1968-ல் வந்தது. அந்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்ட அதிர்ச்சியில், தொலைக்காட்சி வன்முறை பற்றிய எதிர்ப்பு அமெரிக்காவில் வலுத்தது. பெகி சாரன் என்ற தாயும் அவருடைய தோழிகளும் குழந்தைகள் தொலைக்காட்சிக்கான இயக்கம் ஒன்றை அதே ஆண்டு மாசசூசெட்ஸில் தொடங்கினார்கள். சண்டைக் கார்ட்டூன்கள் மெல்ல விலக, 1969-ல் பேய் வேட்டை, நகைச்சுவை, ஓட்டம் மட்டுமே கொண்ட 'ஸ்கூபி டூ' போன்றவை அந்த இடத்தைப் பிடித்தன. இன்றைய நடுத்தர வயதினர் "அந்தக் காலத்துக் கார்ட்டூன் எவ்வளவு மென்மை" என்று நினைவுகூர்வது பெரும்பாலும் இந்த இயக்கத்துக்குப் பிந்தைய காலத்தைத்தான். அந்த மென்மை காலத்தின் இயல்பன்று, போராடிப் பெற்றது.

1984-ல் அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் குழந்தை நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை விலக்கியது. பொம்மை விற்பதற்காகவே எழுதப்பட்ட 'ஹீ-மேன்', 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' போன்ற தொடர்கள் பெருகின. இவற்றில் ஒரு வேடிக்கையான ஒழுக்கம் இருந்தது. 'ஜி.ஐ. ஜோ'வில் லேசர் குண்டுகள் ஓயாமல் பாயும். விமானங்கள் வெடித்துச் சிதறும். ஆனால் ஓட்டியவர் ஒவ்வொரு முறையும் பாராசூட்டில் இறங்கிவிடுவார். கதை முடிந்ததும் ஒரு நீதி சொல்லப்படும். கண்ணுக்குத் தெரிந்த கொச்சை எதுவும் அவற்றில் இல்லை. இருந்தும், போரை வலியற்ற விளையாட்டாகக் காட்டி, அந்த விளையாட்டின் பொம்மையைக் கடையில் வாங்கச் சொன்ன அவற்றைவிட, மூக்குச்சளி நகைச்சுவை குழந்தைக்குக் கெடுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990-ல் வந்த சட்டம் விளம்பர நேரத்துக்கு மீண்டும் வரம்பு கட்டியது.

கூடியது எது

உடற்கழிவு நகைச்சுவை கூடியிருக்கிறது என்ற குற்றச்சாட்டு உண்மையே. அதற்கு நாள் குறிக்க வேண்டுமானால் 1991 ஆகஸ்ட் 11-ஐச் சொல்லலாம். நிக்கலோடியன் சேனல் அன்று மூன்று தொடர்களைத் தொடங்கியது. 'டக்', 'ரக்ராட்ஸ்' இரண்டும் சாதுவானவை. மூன்றாவதான 'ரென் அண்டு ஸ்டிம்பி' அதுவரை குழந்தைகள் சேனலில் எவரும் கண்டிராதது. ஓடிக்கொண்டிருக்கும் கதை சட்டென்று நின்று, ஒரு முகத்தின் மிக அண்மைக் காட்சி ஓவியமாகத் திரை முழுவதும் நிற்கும்: சிவந்த நரம்போடிய கண், சொத்தைப் பல், மயிர்க்கால், சொட்டும் சளி. வரைந்தவர்களின் திறமையில் குறையில்லை. 1940-களின் திரையரங்கக் கார்ட்டூன்களின் முரட்டுச் சுதந்திரத்தை மீட்க விரும்பியவர்கள் அவர்கள். சேனலோடு ஓயாத பிணக்கு ஏற்பட்டு, 1992-ல் தொடரை உருவாக்கியவரே வெளியேற்றப்பட்டார். ஒரு பகுதி வன்முறை மிகுந்தது என்று அந்தச் சேனலில் ஒளிபரப்பப்படவே இல்லை. ஆனால் பாதை திறந்துவிட்டது. அண்மைக் காட்சியில் அருவருப்பைக் காட்டிச் சிரிக்கவைக்கும் உத்தி பின்னர் வந்த எத்தனையோ தொடர்களுக்குப் பொதுச்சொத்தாயிற்று.

எல்லை எவ்வளவு நகர்ந்தது என்பதை 'லயன் கிங்' படத்தின் ஒரே வரியில் பார்க்கலாம். 1994-ன் படத்தில், பும்பா என்ற காட்டுப்பன்றி தன் பழைய அவமானத்தைப் பாட்டில் சொல்லி வருகிறது. குசு விட்டதைச் சொல்லப்போகும் இடத்தில், குழந்தைகள் கேட்கிறார்கள் என்று நண்பன் டிமோன் குறுக்கிட்டு நிறுத்திவிடுகிறான். சொல்லாமல் விட்ட சொல்லில்தான் சிரிப்பு. 2019-ல் அதே படம் மறுபடி எடுக்கப்பட்டபோது, பும்பா அந்தச் சொல்லை முழுதாகப் பாடிவிட்டு, "என்னை நிறுத்த மாட்டாயா?" என்று நண்பனையே கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே 2001-ல் 'ஷ்ரெக்' வந்தது. சேற்றில் குளித்து, ஏப்பம் விட்டு, காதுக்குறும்பியில் மெழுகுவத்தி செய்யும் நாயகனைக் கொண்ட அந்தப் படம், முழுநீளக் கார்ட்டூன்களுக்கான முதல் ஆஸ்கரைப் பெற்றது. விற்கிறது, விருதும் கிடைக்கிறது என்றால் எந்த நிறுவனம் விடும்?

குழந்தைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பது கார்ட்டூன் கற்றுக்கொடுத்ததால் அன்று. இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் கழிப்பறைப் பழக்கம் கற்பிக்கப்படும்போது, எதை எங்கே செய்யலாம், எதை நாலு பேர் முன் சொல்லக் கூடாது என்ற விதிகள்தான் குழந்தை முதன்முதலில் சந்திக்கும் சமூக விதிகளில் முக்கியமானவை. விதி புரிந்த பிறகு, அதை வாயளவில் மீறிப் பார்ப்பது பெரும் குதூகலம். சிறு வயதில் உச்சத்திலிருக்கும் இந்தச் சிரிப்பு வளர வளரத் தானே வடிகிறது. பெரியவர்களுக்கு அலுப்பூட்டும், ஆனால் அதில் காயப்படுபவர் எவரும் இல்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது இளக்காரத்தைப் பற்றி. இன இழிவு திரையைவிட்டு ஏறத்தாழ மறைந்தபோது, இழிவுபடுத்திச் சிரிக்கும் ஆசை மறைந்துவிடவில்லை. அது குடும்பத்துக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் குடியேறியது. அப்பா என்றால் முட்டாள், ஆசிரியர் என்றால் கொடுங்கோலர், பருமனான பையன் என்றால் தின்றுகொண்டே இருப்பவன், படிக்கிற பெண் என்றால் கிண்டலுக்குரியவள் என்ற அச்சுகள் 1990-களுக்குப் பிந்தைய நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றில் அலுக்காமல் வந்தன. ஒரு பாத்திரம் சுருக்கென்று ஒன்றைச் சொல்லும். கேட்டவர் முகம் சுருங்கும். காட்சி அங்கே முடியும். அந்தச் சொல் என்ன செய்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுத்தியலால் அடித்தால் அடிபட்டவர் தட்டையாகி மீண்டும் நிமிர்வதைக் குழந்தை பொய் என்று அறிந்துகொள்ளும். ஆனால் கேலிப்பேச்சு அப்படியே பள்ளிக்கு எடுத்துச் செல்லக்கூடியது. அதற்குச் சுத்தியல் வேண்டாம், வாய் போதும்.

ஆஸ்திரேலியாவில் 2018-ல் தொடங்கிய 'புளூயி' இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகிறது. அதில் ஒரு பகுதி முழுவதும், அப்பா தன் முகத்தில் குசு விட்டார் என்று மகள் சாட்டும் குற்றத்தைப் பற்றியது. வீடு நீதிமன்றமாகிறது, குழந்தை வாதாடுகிறது, அப்பா மறுக்கிறார், விசாரணை நடக்கிறது. பொருள் கொச்சையானது என்று நினைப்பவர் நினைக்கலாம். ஆனால் குழந்தையின் குறையைப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், அப்பா பதில் சொல்லக் கடமைப்பட்டவராக நிற்கிறார், எவரும் எவரையும் சிறுமைப்படுத்துவதில்லை. கழிவைப் பற்றிப் பேசியும் கண்ணியமாக இருக்க முடியும். ஒரு கெட்ட சொல்கூட இல்லாமல் கேவலமாக இருக்கவும் முடியும்.

யாருக்காக எடுக்கப்பட்டது

பெற்றோரின் குறைகளில் ஒரு பகுதி, வயதுவந்தோருக்கான கார்ட்டூனைக் குழந்தைகளுக்கானது என்று எண்ணிக்கொள்வதால் வருவது. 1989 டிசம்பரில் தனித்தொடரான 'சிம்ப்சன்ஸ்' பெரியவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. 1997-ல் வந்த 'சௌத் பார்க்' குழந்தைகளுக்கானதே அன்று. படம் வரைந்ததாக இருப்பதால் மட்டும் அது குழந்தைக்கு உகந்ததாகிவிடாது. எந்த நிகழ்ச்சி எந்த வயதுக்கு என்று காட்ட 1997-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வயதுக் குறியீடுகள் வந்தன: எல்லாக் குழந்தைகளுக்கும், ஏழு வயதுக்கு மேல், ஏழுக்கு மேல் ஆனால் கற்பனை வன்முறை உண்டு என்று படிப்படியாக.

நாடு கடந்து செல்லும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. 'ஷின்-சான்' 1990-ல் ஜப்பானில் வயதுவந்தோர் படிக்கும் வார இதழில் படக்கதையாகத் தொடங்கியது. ஐந்து வயதுப் பையனின் வாயால் பெரியவர்களின் பாசாங்கைக் கேலி செய்வது அதன் நோக்கம். 1992-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது பார்வையாளர்களாகச் சிறுவர்களும் திரண்டார்கள். ஜப்பானியப் பெற்றோரே முகம் சுளித்தார்கள். இந்தியாவில் 2008-ல் தடைசெய்யப்பட்டு, பின்னர் வெட்டித் திருத்தப்பட்டு மீண்டும் வந்தது. பையன் சிறியவன் என்பதாலேயே கதை சிறியவர்களுக்கு என்று வாங்கிய சேனல்கள் எடுத்துக்கொண்டன.

திரைப்படத் தரச்சான்றையும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. நாயகனின் தந்தை மிதிபட்டுச் சாகும் காட்சியைக் கொண்ட 1994-ன் 'லயன் கிங்' அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்று பெற்றது. அதைவிட மிதமான 'ஃப்ரோஸன்' 2013-ல் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற சான்று பெற்றது. சான்று கடுமையானதால் படம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பார்ப்பவர்களின் கண் கூர்மையாகியிருக்கிறது.

நினைவும் நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்ட பழைய கார்ட்டூன்களில் நல்லவையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி நம் நினைவில் நிற்கின்றன. அவற்றோடு இன்று கண்ணில் படும் எல்லாவற்றையும், குப்பை உட்பட, ஒப்பிடுகிறோம். அதுவும் நாம் பார்த்தவற்றில் பல, தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே வெட்டப்பட்ட பதிப்புகள். எட்டு வயதில் ஓநாயின் பிதுங்கிய கண்ணுக்கு நாம் சிரித்தோம். அது எதைப் பார்த்துப் பிதுங்கியது என்பது அப்போது நமக்குத் தெரியாது. இன்று அதே போன்ற சாடை வரும்போது நம் குழந்தைக்குப் புரிவதில்லை. நமக்குப் புரிகிறது, கூசுகிறது.

காவலர் இல்லாத வாசல்

இவ்வளவும் நிறுவனங்கள் எடுத்து, சேனல்கள் ஒளிபரப்பும் கார்ட்டூன்களைப் பற்றியது. அங்கே, எவ்வளவு குறையிருந்தாலும், கதையை வரிவரியாகப் படித்து "இது வேண்டாம்" என்று சொல்லும் ஒரு துறை இருக்கிறது. இன்று சிறு குழந்தைகள் பலர் பார்ப்பது அந்த வழியாக வருவதன்று. 2015-ல் குழந்தைகளுக்கெனத் தனிச் செயலியை யூடியூப் தொடங்கியது. 2017-ல் வெளிவந்த செய்திகள் பெற்றோரைத் திடுக்கிடவைத்தன: குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த பாத்திரங்களைத் திருடி, அவற்றை ஊசி குத்தப்படுவதாகவும், சித்திரவதைப்படுவதாகவும், கர்ப்பமாவதாகவும், மலத்தில் புரள்வதாகவும் காட்டும் காணொளிகள் ஏராளமாக உலவின. வண்ணமயமான முகப்புப் படமும் தேடலில் அகப்படும் தலைப்பும் அவற்றைக் குழந்தையின் கைக்குக் கொண்டு சேர்த்தன. வரைந்தவர் யார் என்பது பலவற்றில் தெரியவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டும் வசதி, நல்ல கார்ட்டூனில் தொடங்கிய குழந்தையைச் சில நிமிடங்களில் இங்கே கொண்டுவந்து விட்டது. எதிர்ப்பு எழுந்த பின் நிறுவனம் பெருமளவில் அவற்றை நீக்கியது. குழந்தைகளின் தனித்தகவல்களைத் திரட்டிய மற்றொரு குற்றச்சாட்டில் 2019-ல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

கார்ட்டூன் வரலாற்றில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. பெட்டி பூப்புக்கு ஒரு நிறுவனம் இருந்தது, அதைக் கேள்வி கேட்க ஒரு விதி இருந்தது. பெகி சாரன் புகார் கொடுக்க ஒரு சேனலின் முகவரி இருந்தது. முகவரியற்ற காணொளிக்கு எதிராக நிற்க, அதே அறையில் இருக்கும் பெரியவரைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே குழந்தை பார்க்கும் ஒன்றைச் சோதிக்க விரும்புபவர், அதில் ஏப்பம் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன், அதை எடுத்தவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, தொடக்கத்தை விட்டு நடுவிலிருந்து இரண்டு நிமிடமாவது பார்க்கட்டும். அங்கே ஒருவர் மற்றவரை மட்டம் தட்டிப் பேசினால், அதன் பிறகு கதை அடிபட்டவர் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறதா என்று கவனிக்கட்டும்.